நவமியா, தசமியா

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று கணேஷ்ராமிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த அன்றைக்கே ஏரலுக்கு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, கால் கழுவின ஈரம் காய்வதற்குள் முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். எழுதுகிறவன் கொடுக்கிற வாக்கின் லட்சணம் அவ்வளவுதான். அது அவனுக்கும் தெரியும்.

எங்கிருந்து வந்த கதை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் கணேஷ்ராம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். நாற்பத்து நாலு வயது. பதினெட்டு வருஷமாக அதே கடை, அதே இரண்டு மேசை. இந்த வருஷம் ஆடி மாதம் ஒருநாள் நான் அங்கே போனபோது, மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து போட்டு, அணைந்த திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவே, பேய் அடிச்ச மாதிரி உக்காந்திருக்கீரு?"

"ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அண்ணாச்சி. நேரம் பிந்திக்கிட்டே போவுது. பேட்டரி செல்ல மாத்தியாச்சு, அப்பவும் பிந்துது" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடிகாரம் பிந்தினதுக்கு அழுகிற மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உட்கார்ந்து கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். கடைசியில்தான் அந்த வாக்கை வாங்கிக்கொண்டான்.

2

ஆரம்பத்தை நாலு தடவை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கடிகாரங்களை நம்பி வாழ்ந்த ஒருவன் இருந்தான். (அடித்தாயிற்று. எவன் கடிகாரத்தை நம்பி வாழ்கிறான்? கரண்டையும் பஸ்ஸையும் நம்பித்தான் வாழ்கிறோம்.)

இரண்டாவது: திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற சிவசண்முகம் பிள்ளை, தன் மகன் கணேஷ்ராமை…

இதில்தான் மாட்டிக்கொண்டேன். நேரம் தப்பின கதையில் அப்பா டைம் கீப்பர் என்றால் வாசகர் கைதட்டுவார் என்று ஒரு நப்பாசை. உண்மையில் சிவசண்முகம் பாபநாசம் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்றைக்குக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தவர். பசித்தால் சாப்பாடு, தூக்கம் வந்தால் பாய். மனைவி போனபிறகு திருநெல்வேலி டவுனில் தனி வீட்டில் இருந்தார். மகன் கூப்பிட்டும் வரவில்லை. "ஒன் வீட்டுல எல்லாரும் மணியப் பாத்துக்கிட்டே சாப்புடுதீங்கலே" என்றாராம்.

மூன்றாவது ஆரம்பத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதில் தாமிரபரணி வந்தது, காலம் வந்தது, இரண்டும் ஓடின.

நாலாவதுதான் இனி வருவது.

3

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. (பேர் சொல்லமாட்டேன். சொன்னாலும் பொய்ப் பேர்தான் சொல்லுவேன்.) அவசர சிகிச்சை அறைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் எழுதுவது, நர்ஸ் எழுதுவது எல்லாம் அதில்தான். எந்த வரியைத் தட்டினாலும் நேரத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

போன வருஷம் ஆனி மாதம் அங்கிருந்து கணேஷ்ராமுக்குப் போன் வந்தது. வரவேற்பில் இருக்கிற அஃப்ரா பேசினாள். மேலப்பாளையத்துப் பெண். படித்துவிட்டு நேரே அந்த மேசையில் வந்து உட்கார்ந்தவள்.

"அண்ணே, கேஷுவால்ட்டி சிஸ்டத்துல நேரம் பிந்துது. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், சில நாள் இன்னும் கூட."

"நெட்டு இருக்கா அதுல?"

"வைரஸ் வரும்னு டாக்டர் போட விடல அண்ணே."

"அப்போ செல்லு போயிருக்கும்மா. பைய வந்து மாத்தித் தாறேன். அதுவரைக்கும் காலையில வந்ததும் ஒன் போனப் பாத்து நேரத்தத் தள்ளி வச்சிரு."

இந்தப் பதிலை அவன் வருஷத்துக்கு நூறு பேருக்குச் சொல்லுகிறான். வட்டமாக ஒரு சின்ன பேட்டரி. அதற்காக ஒரு நடை போவது எந்தக் கடைக்காரனுக்கும் கட்டாது. அந்தப் பக்கம் வேறு வேலை வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். சொன்னவன் மறந்துபோவான். கேட்டவரும் தள்ளி வைத்துப் பழகிவிடுவார். நம்மூரில் பாதிக் கடிகாரங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

அஃப்ரா தினமும் காலை எட்டு மணிக்கு வந்து தள்ளி வைத்தாள். கணேஷ்ராம் மறந்துபோனான்.

4

இரண்டு மாதம் கழித்து, ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணேஷ்ராம் சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலையாகப் போயிருந்தான். மூன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார்: அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆட்டோவில் ஏற்றிவிட்டோம், பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரி.

பைக்கில் பறந்து வந்தான். வாசலில் நின்று அக்கா வேணிக்குப் போன் செய்தான். அவள் சென்னையில் இருக்கிறாள். "வந்துட்டேன்க்கா, உள்ள போறேன்." அந்தப் போன் செய்த நேரம் நாலு முப்பத்தொன்று. அவன் செல்போனில் இன்னும் இருக்கிறது.

உள்ளே போக முடியவில்லை. காவல்காரர், "டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு, இப்பிடி இரிங்க" என்று பெஞ்சைக் காட்டினார். உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆள் கணேஷ்ராம். உட்கார்ந்தான். அறைக் கதவு பத்தடி தூரம். பக்கத்து வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். நாலு முப்பத்து மூன்றுக்கு ஒரு வாடிக்கையாளர் போன் வந்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டான். ஒரு வீணாய்ப்போன ஆள், பதினொரு நிமிடம் விடாமல் பேசியது. பேசி முடித்து, பிறகும் இருபது நிமிடம் இருந்தான். ஐந்து மணி ஐந்துக்குக் கதவு திறந்தது. டாக்டர் தோளைத் தொட்டார்.

ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் எழுதியிருந்தது: உயிர் பிரிந்த நேரம், மாலை 4.20.

பதினொரு நிமிடம் பிந்தி வந்துவிட்டோம் என்று கணேஷ்ராம் நினைத்தான். ஏன் முக்கால் மணி நேரம் கழித்துச் சொன்னார்கள் என்று அன்றைக்கு அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த அறையிலிருந்த நர்ஸ் சித்ரலேகா அவன் பக்கத்தில் வந்து, "உங்களத்தான் கேட்டாங்க சார். 'கணேசு வந்துட்டானா'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

[அந்த நேரம் சரிதானா என்று அவளையே கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். கணேஷ்ராம் கேட்டுவிட்டான். "நேரம் நான் கம்ப்யூட்டர்ல பாத்ததுதான் சார். அன்னைக்கு மூணு பேஷண்டு" என்றாள். அந்த வழி அடைபட்டுவிட்டது.]

5

இப்போது இந்த வருஷ ஆடிக்கு வருகிறோம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே பொறுமை போய், பெட்டியைத் தூக்கிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கூடவே அஃப்ராவும் வந்தாள்.

கணேஷ்ராம் செல்லை மாற்றினான். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தான், ஒன்றரை நிமிடம் பிந்தியது. மறுபடி ஒரு மணி நேரம், இருபது வினாடி. ஒழுங்காகப் பிந்தினாலாவது ஒரு வழி உண்டு. இது தன் இஷ்டத்துக்குப் பிந்தியது. பழுது செல்லில் இல்லை, மதர்போர்டு என்கிற உள்பலகையிலேயே இருந்தது.

"எத்தன நாளாம்மா இப்பிடி?"

"என்னண்ணே இப்பிடிக் கேக்குதீங்க. போன வருசம் ஆனியிலேயே உங்கட்டச் சொன்னேம்லா. நீங்க சொன்னபடி தெனமும் காலையில நாந்தான் தள்ளி வைக்கேன்."

அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான். "ஞாயித்துக்கெழம யாரு தள்ளுவா?"

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவுல்லா."

ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலையில் தள்ளி வைத்த கடிகாரம், ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடாமல் பிந்திக்கொண்டே வந்திருக்கிறது. அது நாலு இருபது என்று சொன்னபோது உண்மையில் மணி என்ன? நாலு இருபத்தைந்தா? நாலு ஐம்பதா? ஐம்பது என்றால் அவன் பெஞ்சில்தான் இருந்திருக்கிறான். 'கணேசு வந்துட்டானா' என்று அப்பா கேட்டபோது கணேசு பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். 'வந்துக்கிட்டு இருக்காங்க' என்று பதில் போயிருக்கிறது.

பிந்தி வந்தேன் என்கிற துக்கத்தோடு ஒரு வருஷம் வாழ்ந்து பழகிவிட்டான். வந்தும் போகவில்லை என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. யாராவது கையால் நேரத்தை மாற்றினால் கம்ப்யூட்டர் அதைத் தனக்குள் குறித்துவைக்கும், இந்த நேரத்திலிருந்து இந்த நேரத்துக்கு மாற்றினார்கள் என்று. அந்தத் திங்கட்கிழமை காலை அஃப்ரா எத்தனை நிமிடம் தள்ளினாள் என்று பார்த்தால் ஞாயிறு சாயங்காலத்துக் கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். பெட்டியில் பெரிய வேலை எதுவும் நடக்காததால் ஒரு வருஷக் குறிப்பும் அழியாமல் இருந்தது. பட்டியலைத் திறந்து ஆவணி வரைக்கும் போனான். அந்த வாரம் வந்ததும் திரையை அணைத்துவிட்டான்.

அவன் என்னிடம் சொன்னது இதுவரைக்கும்தான். நான் போனபோது அணைந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

6

இந்த இடத்தில் கணேஷ்ராம் என்கிற கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு தூரம் போனவன் பார்க்காமல் விடுவானா? வாசகர் நம்புவாரா? பார்க்கவைத்தே தீருவது என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போதே வேணி அக்கா போன் செய்துவிட்டாள். நிஜமான வேணி, அவனுடைய போனுக்கு.

முதல் வருஷத் திதி வருகிறது. சிவசண்முகம் உயிர் பிரிந்தபோது என்ன திதியோ அந்தத் திதியில்தான் கொடுக்கவேண்டும். அன்றைக்கு நாலு நாற்பத்தொன்று வரைக்கும் தேய்பிறை நவமி, அதற்குமேல் தசமி. தாளில் நாலு இருபது என்று இருந்ததால் நவமி என்று குறுக்குத்துறை ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். இப்போது கணேஷ்ராம் அவரிடம் போய், பத்திருபது நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று இழுத்தான். அவர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

"திதி தப்பினா அவருக்குப் போய்ச் சேராதுப்பா. சரியா விசாரிச்சுட்டு வா."

வேணிக்கு இது எதுவும் தெரியாது. "எந்தத் தேதிக்குடா டிக்கெட் போடணும்? தெளிவாச் சொல்லித் தொலையேன்" என்கிறாள்.

ஆகவே பார்க்காமலும் இருக்க முடியாது. பார்த்து, நவமி என்றால் அவன் பிழைத்தான். தசமி என்றால், அப்பாவுக்குச் சோறு போய்ச் சேரும், மகனுக்குத் தூக்கம் போகும்.

[நாலு முப்பத்தொன்றுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் போயிருந்தால் நவமியாகவும் இருக்கும், அவன் பெஞ்சிலும் இருந்திருப்பான் என்று யாராவது கணக்குப் போடுவீர்கள். அவனும் போட்டான். அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கிக்கொள்வேன் என்றான். எதை வைத்துச் சொன்னானோ.]

சரி. இனியும் ஒளிக்கமுடியாது. நாலு முப்பத்து மூன்றுக்குப் போன் செய்து பதினொரு நிமிடம் பேசிய அந்த வீணாய்ப்போன ஆள் நான்தான்.

என் லேப்டாப்பில் நேரம் தப்பாகக் காட்டியது. அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயம். "கீழ வலதுகைப் பக்கம் மணி தெரியுதுல்லா அண்ணாச்சி, அதுமேல வச்சு அமுக்குங்க" என்று பொறுமையாகச் சொல்லித்தந்தான். எனக்குப் புரியவில்லை. "ஒழுங்காச் சொல்லும்வே" என்று சத்தம் போட்டேன். எங்கே இருக்கிறான் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் போனபோதுதான் தெரிந்தது. அப்போது நாலு இருபது என்கிற நேரத்தைக் கேட்டதும் என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. நான் கூப்பிட்டபோது அவர் இல்லை, என் போனால் எதுவும் கெட்டுவிடவில்லை என்கிற நிம்மதி. துஷ்டி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தேன்.

அந்தப் போன் வந்திருக்காவிட்டால் எழுந்துபோய்க் கதவில் எட்டிப் பார்த்திருப்பான். அதை அவன் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

7

முடிவுகள் மூன்று எழுதிவைத்திருந்தேன்.

முதல் முடிவில் திங்கட்கிழமைக் குறிப்பில் ஆறே நிமிடம். அவன் மேசையில் தலைசாய்த்து அழுகிறான். நானும் ஏரலில் இருந்துகொண்டு அழுகிறேன். இது எனக்காக நானே எழுதிக்கொண்டது, கிழித்தாயிற்று.

இரண்டாவதில் ஐம்பது நிமிடம். கணேஷ்ராம் கடையைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்… இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதக்கூடாததை எழுத இருந்தேன். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூன்றாவதில் அந்த வாரத்துக் குறிப்பு மட்டும் கெட்டுப்போயிருக்கிறது. இது எழுதுகிறவர்களின் கள்ளத்தனம். கஷ்டமான இடம் வந்தால் மழை பெய்யவைப்போம், கரண்டை நிறுத்துவோம்.

நடந்தது வேறு. ஆஸ்பத்திரிக்காரர்கள் புதுப் பெட்டி வாங்கிவிட்டார்கள். பழையதில் நோயாளிகள் விவரம் இருப்பதால் முழுக்க அழித்துவிடச் சொன்னார்கள். அழிப்பதற்கு முன்னால் கணேஷ்ராம் அந்த ஒரு பட்டியலை மட்டும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, பஸ் ஏறி ஏரலுக்கு வந்தான். நான் கொடுத்த மோரைக் குடித்தான். பென் டிரைவை என் மேசையில் வைத்தான்.

"நீங்க பாருங்க அண்ணாச்சி. நேரம் எனக்கு வேண்டாம். நவமியா தசமியான்னு மட்டும் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானவே."

"தெரியும்" என்றான்.

ஏன் என்னிடம் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தில் மறுமுனையில் இருந்தவன் நான், அதனால் கொடுக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். தண்டனை என்றுகூட நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அனுப்பிவைத்தேன்.

8

பார்த்துவிட்டேன்.

என்ன பார்த்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உங்களை அலைக்கழிப்பதற்காக அல்ல. இந்தக் கதை அச்சில் வந்தால் முதலில் வாசிக்கிறவன் கணேஷ்ராம்தான். கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவான், நம்ம அண்ணாச்சி எழுதினது என்று. ஆகவே அந்த எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆறு என்று போடுகிறவர்கள் என்னை நல்லவனாகப் பார்க்கிறவர்கள், நன்றி. ஐம்பது என்று போடுகிறவர்கள் என் இடத்தில் உட்கார்ந்து அவன் போனை எடுத்துப் பாருங்கள்.

நேற்று மத்தியானம் கூப்பிட்டான்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"எந்தத் திதி?"

அவன் அப்பாவின் முகத்தை நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, "நவமி" என்றேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ பிரிண்டருக்கு மை கேட்பது கேட்டது. இருங்க என்று அவரிடம் சொன்னான்.

"நவமின்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும்" என்றான். "அதான் உங்கட்டக் குடுத்தேன்."

குரலில் கோபம் எதுவும் இல்லை.

பிறகு சாதாரணமாகப் பேசினான். வேணி அக்காவுக்கு டிக்கெட் போட்டாயிற்று, நவமிக்கு முந்தின நாள் காலையில் வந்து இறங்குகிறாள் என்றான். ஐயரிடமும் பேசியாயிற்றாம்.

"அக்கா என்னைக்குவே திரும்புதாங்க?" என்று கேட்டேன்.

"தசமிக்கும் இருந்துட்டு மறுநாள்தான் அண்ணாச்சி" என்றான்.